டிரைவில் எத்தனை கோப்புகள்? எண்ணும் வழிகளில் எதை எடுப்பது

ஒரு புகைப்பட ஸ்டுடியோவுக்குச் சின்ன நிரல் ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஒரே படம் இரண்டு மூன்று இடங்களில் கிடந்தால் தேடிக் காட்டும். வேலை செய்தது. ஆனால் ஸ்டுடியோ அண்ணன் முதல் நாளே போன் செய்துவிட்டார்: "ஓடுதா, நின்னு போச்சான்னே தெரியலையே தம்பி?" நியாயமான கேள்வி. புராகிரஸ் பார் ஒன்று வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நூற்றுக்கு எத்தனை முடிந்தது என்று சொல்ல வேண்டுமானால் அந்த நூறு எது என்று முதலில் தெரிய வேண்டும். அதாவது, டிரைவில் மொத்தம் எத்தனை கோப்புகள்?

காலியிடம் எவ்வளவு என்று கேட்டால் விண்டோஸ் உடனே சொல்கிறது. கோப்புகளின் எண்ணிக்கைக்கும் அப்படி ஒரு ஃபங்ஷன் இருக்கும் என்று நம்பித்தான் தேடினேன். இல்லை. விண்டோஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை, என்டிஎஃப்எஸ். அந்த என்டிஎஃப்எஸ் டிரைவில் எத்தனை கோப்புகள் என்பதை ஒரே அழைப்பில் சொல்ல விண்டோஸ் ஏபிஐயில் (நிரல்கள் விண்டோஸிடம் வேலை கேட்கும் ஃபங்ஷன்களில்) எதுவும் கிடையாது. லினக்ஸ்காரர்களைப் பார்த்தால் இந்த விஷயத்தில் கொஞ்சம் பொறாமைதான். அங்கே ஸ்டாட்விஎஃப்எஸ் என்று ஒரு முறை கேட்டால் மொத்த ஐநோடுகளும் (கோப்புக்கு ஒன்றாக இருக்கும் பதிவுகள்) மிச்ச ஐநோடுகளும் வந்துவிடும். கழித்தால் புழக்கத்தில் இருப்பவை. ஃபோல்டர், சிம்லிங்க் (இன்னொரு பாதையைச் சுட்டும் குறி) எல்லாம் கலந்த எண் அது, பிடிஆர்எஃப்எஸ் என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில் கேட்டால் வெறும் 0 என்றுதான் வரும், இருந்தாலும் ஏதோ ஒன்று நொடியில் கையில் கிடைக்கிறது. நமக்கு அது இல்லாததால் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதாயிற்று.

எல்லாரும் முதலில் எழுதுவது ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கிப் போவது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் நிரல் எழுதுபவர் என்றால் கை தானாக டைரக்டரி கெட்ஃபைல்ஸ் என்ற ஃபங்ஷனுக்குப் போகும். அது மொத்தப் பாதைகளையும் ஒரு அரேயில் அடைத்த பிறகுதான் திரும்பி வரும். 10 லட்சம் கோப்புகள், பாதைக்கு 100 எழுத்துகள், எழுத்துக்கு 2 பைட் என்று வைத்தாலே 200 எம்பி ஆகிவிடுகிறது. கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதற்காக வந்தவர்கள் அத்தனை பேரையும் வீட்டுக்குக் கூட்டிவந்து உட்கார வைப்பது போன்ற வேலை. 2010-இல் டாட்நெட் 4 உடன் வந்த எனுமரேட்ஃபைல்ஸ் ஒவ்வொன்றாகக் கொடுக்கும், நினைவகம் தப்பித்தது. ஆனால் உள்ளே நுழைய அனுமதி இல்லாத ஒரு ஃபோல்டர் குறுக்கே வந்தால் எக்செப்ஷன் எறிந்து மொத்தமாக நின்றுவிடும், விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியாது. டிரைவின் வேரிலிருந்து தொடங்கினால் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற ஃபோல்டரே அதற்குப் போதும்.

அப்புறம் டாட்நெட் கோர் 2.1-இல் எனுமரேஷன்ஆப்ஷன்ஸ் வந்தது. அனுமதி இல்லாதவற்றைத் தானாகவே தாண்டிவிடும். அப்பாடா என்று அதற்கு மாறினேன், எண்ணிக்கை குறைந்துவிட்டது. காரணம் தேட ஒரு மாலைப்பொழுது போனது. அந்த வகுப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் மறைக்கப்பட்ட கோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் சொல்லாமல் விட்டுவிடும். அதுதான் அதன் இயல்பு அமைப்பு. எதையும் விடாதே என்று நாமாகத்தான் மாற்றி வைக்க வேண்டும். எண்ணும் நிரலுக்கு இதைவிட மோசமான இயல்பு அமைப்பு இருக்க முடியாது. தப்பான எண்ணைத் தரும்போது ஒரு முணுமுணுப்புகூட வராது.

டாட்நெட்டை விட்டுக் கீழே இறங்கினால் ஃபைண்ட்ஃபர்ஸ்ட்ஃபைல், ஃபைண்ட்நெக்ஸ்ட்ஃபைல் என்ற விண்டோஸ் ஏபிஐ ஜோடி. அதன் ஈஎக்ஸ் வடிவத்தில் விண்டோஸ் 7 முதல் இரண்டு சலுகைகள் உண்டு: எட்டு எழுத்துக் குட்டிப் பெயரைக் கேட்காமல் விடலாம், ஒவ்வொரு முறையும் பெரிய பஃபரில் (தற்காலிக நினைவக இடத்தில்) அள்ளிவரச் சொல்லலாம். இரண்டுமே ஒரு வரி மாற்றம், எனவே யோசிக்கவே வேண்டாம், போட்டுவிடுங்கள். நெட்வொர்க் டிரைவில் இரண்டாவதன் பலன் நன்றாகத் தெரியும். இன்னும் பிழிய வேண்டும் என்றால், ஃபோல்டரையே திறந்து கெட்ஃபைல்இன்ஃபர்மேஷன்பைஹேண்டில்ஈஎக்ஸ் வழியாக 64 கேபி பஃபரில் மொத்தமாக வாங்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் 592 பைட் உள்ள கட்டமைப்பு ஒன்றை நிரப்பித் தரும் வேலை அப்போது மிச்சம். நான் அதுவரை போகவில்லை. நேரத்தைத் தின்பது அந்த நகலெடுப்பு அல்ல.

நேரத்தைத் தின்பது டிஸ்க்கின் தலை. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் தலை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 10 மில்லிவினாடி ஆகும். 1 லட்சம் ஃபோல்டர்கள் சிதறிக் கிடந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாவல் என்றால் 1,000 வினாடி, அதாவது கால் மணி நேரத்துக்கும் மேல். நடைமுறையில் இவ்வளவு மோசமாக இருக்காது. சின்ன ஃபோல்டரின் பட்டியலை என்டிஎஃப்எஸ் அந்த ஃபோல்டரின் சொந்தப் பதிவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பெரிதான பிறகுதான் வெளியே தனித் தொகுதிகளுக்குப் போகும். இருந்தாலும், நடந்து எண்ணும் வழி ஏன் மெதுவாக இருக்கிறது என்ற கேள்விக்கு விடை இந்தப் பெருக்கலில் இருக்கிறது. எஸ்எஸ்டியில் தலையும் இல்லை, தாவலும் இல்லை. அதனால் நான்கைந்து திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைக் கிளைகள்) போட்டுப் பிரித்து நடந்தால் எஸ்எஸ்டியில் பலன் கிடைக்கும். ஹார்ட் டிஸ்க்கில் அதையே செய்தால் ஒரே தலையை நான்கு பேர் நான்கு பக்கம் இழுப்பது போலாகி, சில சமயம் இன்னும் மெதுவாகும்.

வேகத்தை அளந்து பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. முதல் ஓட்டத்துக்கும் இரண்டாவது ஓட்டத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும். முதல் ஓட்டம் படித்ததையெல்லாம் விண்டோஸ் நினைவகத்தில் வைத்திருப்பதால் இரண்டாவது பறக்கும். பழைய வழியை முதலிலும் புதிய வழியை அடுத்தும் ஓட்டிவிட்டு "பத்து மடங்கு வேகம்" என்று குதித்தவர்களில் நானும் ஒருவன். நடுவில் மறுதொடக்கம் செய்யுங்கள், அல்லது சிஸ்இன்டர்னல்ஸின் ராம்மேப் கருவியில் ஸ்டாண்ட்பை பட்டியலை (அப்படி நினைவகத்தில் வைத்திருப்பவற்றை) காலி செய்துவிட்டு அளந்து பாருங்கள்.

நடப்பதில் இன்னொரு சிக்கல் ஜங்ஷன்கள், அதாவது இன்னொரு ஃபோல்டரைச் சுட்டும் ஃபோல்டர்கள். பயனரின் லோக்கல் ஃபோல்டருக்குள் அப்ளிகேஷன் டேட்டா என்று ஒரு ஜங்ஷன் இருக்கிறது. அது சுட்டுவது எங்கே? அதே லோக்கல் ஃபோல்டரைத்தான். பழைய நிரல்களுக்காக விண்டோஸ் வைத்த பெயர்ப்பலகை அது. சாதாரணமாக உள்ளே பட்டியலிட அனுமதி மறுக்கப்பட்டிருக்கும், ஆனால் பேக்கப் சலுகையோடு ஓடும் நிரல் உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும். சரி, ரீபார்ஸ் பாயிண்ட் (ஜங்ஷன் போன்ற சிறப்புக் குறி உள்ளவை) என்றாலே தாண்டிவிடு என்று எழுதினால் ஒன்டிரைவ் ஃபோல்டர்கள் விடுபடும் அபாயம் உண்டு, அவையும் உள்ளுக்குள் ரீபார்ஸ் பாயிண்ட்தான். வகையைச் சொல்லும் டேக் என்னவென்று பார்த்து, சிம்லிங்க், மவுண்ட் பாயிண்ட் (ஜங்ஷனின் டேக் இதுதான்) இரண்டையும் மட்டும் தாண்டுவது சரியான முறை.

அடுத்த வழி, ஃபோல்டர்களையே மறந்துவிடுவது. என்டிஎஃப்எஸ்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஃபோல்டருக்கும் மாஸ்டர் ஃபைல் டேபிளில், சுருக்கமாக எம்எஃப்டியில், ஒரு பதிவு உண்டு. பதிவின் அளவு வழக்கமாக 1 கேபி. 10 லட்சம் கோப்புகள் என்றால் அட்டவணை ஏறக்குறைய 1 ஜிபி. பெரும்பாலும் வரிசையாகக் கிடப்பதால், வினாடிக்கு 100 எம்பி படிக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலும் 10 வினாடியில் முடிந்துவிடும். கால் மணி நேரம் எங்கே, 10 வினாடி எங்கே! எவ்ரிதிங், விஸ்ட்ரீ போன்ற கருவிகள் நொடிகளில் பட்டியல் தருவதன் ரகசியம் இதுதான்.

அந்த அட்டவணையை நாமே பைட் பைட்டாகப் பிரிக்க வேண்டியதில்லை. யுஎஸ்என் ஜர்னலுக்காக (டிரைவில் நடக்கும் மாற்றங்களின் குறிப்பேடு) விண்டோஸ் வைத்திருக்கும் 'ஈனம் யுஎஸ்என் டேட்டா' என்ற கட்டுப்பாட்டுக் குறியை டிவைஸ்ஐஓகன்ட்ரோல் வழியாக அனுப்பினால் போதும். 0-விலிருந்து தொடங்கு என்கிறோம். ஒரு பஃபர் நிறையப் பதிவுகள் வருகின்றன. பஃபரின் முதல் 8 பைட்டில் அடுத்து எங்கிருந்து கேட்க வேண்டும் என்ற எண் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்து மறுபடி கேட்கிறோம். ஒவ்வொரு பதிவிலும் இது ஃபோல்டரா இல்லையா என்று சொல்லும் பிட் உண்டு. எண்ணும் சுழல் முப்பது நாற்பது வரிக்குள் அடங்கிவிடும். முதன்முதலில் இதை என் சி டிரைவில் ஓட்டியபோது, ஓடவே இல்லையோ என்று நினைத்தேன், அதற்குள் எண் வந்து நின்றது.

விலை ஒன்று உண்டு. டிரைவை மொத்தமாகத் திறக்க அட்மின் உரிமை தேவை. "இந்த நிரல் உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா" என்று விண்டோஸ் பயனரிடம் கேட்கும். ஒரு புராகிரஸ் பாருக்காக அந்தக் கேள்வியை எழுப்புவது எனக்குக் கூச்சமாக இருந்தது. பேக்கப் கருவி, டிஸ்க் சுத்தம் செய்யும் கருவி என்றால் எப்படியும் அட்மினாகத்தான் ஓடப் போகிறது, அங்கே தயக்கமே வேண்டாம்.

இதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது: எம்எஃப்டியை நேரடியாக டிஸ்க்கிலிருந்து படிப்பது. ஆர்வக்கோளாறில் ஒரு வார இறுதி அதிலும் போனது. ஒவ்வொரு பதிவின் செக்டார் முடிவிலும் 2 பைட்டை என்டிஎஃப்எஸ் மாற்றி வைத்திருக்கும், அதைத் திருத்த வேண்டும். ஒரு பதிவில் அடங்காத கோப்புக்கு நீட்டிப்புப் பதிவுகள் இருக்கும், அவற்றை எண்ணக் கூடாது. நீளப் பெயருக்கும் குட்டிப் பெயருக்கும் தனித்தனிப் பெயர்க்கூறுகள் இருக்கலாம், பெயரை எண்ணினால் கணக்கு வீங்கும். எம்எஃப்டியே துண்டு துண்டாகக் கிடக்கலாம். இவ்வளவும் செய்து யுஎஸ்என் வழியைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் முக்கியமான ஒன்று கோப்பின் அளவு. எண்ணிக்கை மட்டும் வேண்டுபவர் இந்தப் பக்கமே வர வேண்டாம். 2021-இல் விண்டோஸ் 10-இல் ஒரு பிழை வெளியானது நினைவிருக்கலாம். என்டிஎஃப்எஸ்ஸின் உள் பிட்மேப் ஒன்றின் பாதையைத் தட்டியதுமே டிரைவ் பழுதாகிவிட்டது என்று கணினி அலறத் தொடங்கியது. உள்ளுறுப்புகளில் கை வைப்பதென்றால் எனக்கு அதிலிருந்து ஒரு பயம் உண்டு.

இன்னும் வேகமாக, ஆனால் தோராயமாக வேண்டுமா? 'கெட் என்டிஎஃப்எஸ் வால்யூம் டேட்டா' என்ற இன்னொரு கட்டுப்பாட்டுக் குறி எம்எஃப்டியின் நீளத்தையும் ஒரு பதிவின் அளவையும் தரும். வகுத்தால் பதிவுகளின் எண்ணிக்கை. இது உச்ச வரம்பு மட்டுமே. ஃபோல்டர்களும் சேர்ந்திருக்கும், அழித்த கோப்புகளின் காலிப் பதிவுகளும் இருக்கும், எம்எஃப்டி ஒருமுறை வளர்ந்தால் பிறகு சுருங்காது. எப்போதோ லட்சக்கணக்கில் சின்னக் கோப்புகள் இருந்து அழிக்கப்பட்ட டிரைவில் இந்த எண் கதைக்கே உதவாது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நடந்து எண்ணியதும் யுஎஸ்என் வழியாக எண்ணியதும் சி டிரைவில் ஒத்துப்போகவில்லை. நடந்து எண்ணிய எண் பெரிதாக இருந்தது. நிரலில் பிழை என்று இரண்டு நாள் தேடினேன். பிழை இல்லை, இரண்டும் வேறு வேறு பொருளை எண்ணுகின்றன. விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒரு கிடங்கு இருக்கிறது. சிஸ்டம்32-இல் நாம் பார்க்கும் பல கோப்புகள் அந்தக் கிடங்கில் இருக்கும் அதே கோப்புகள்தான், ஹார்ட் லிங்க்கால் இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். ஃபோல்டர் வழியாகப் போனால் பெயர்களை எண்ணுகிறோம், எம்எஃப்டி வழியாகப் போனால் கோப்புகளை எண்ணுகிறோம். வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் உள்ள பிள்ளையை ஒருவராக எண்ணுவதா இருவராக எண்ணுவதா என்பது கணக்கு எதற்கு என்பதைப் பொறுத்தது. பயனரோ எக்ஸ்ப்ளோரரில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ் பார்ப்பார். அது தனக்கு அனுமதியில்லாத ஃபோல்டர்களை விட்டுவிட்டு மூன்றாவதாக ஓர் எண் காட்டும். எது சரி என்று சண்டைக்கு வந்தால் சொல்ல ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொள்வது கமாண்ட் பிராம்ப்ட்டில் டிஐஆர் கட்டளையின் முடிவில் வரும் மொத்தக் கோப்பு எண்ணிக்கையை. துணை ஃபோல்டர்களுக்கான எஸ் சுவிட்சும், மறைந்தவற்றையும் சேர்க்கும் ஏ சுவிட்சும் போட்டு, அட்மினாக.

சரி, கதைக்கு வருகிறேன். யுஎஸ்என் வழியைப் பெருமையோடு மெருகேற்றி ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனேன். வெளி டிரைவைச் செருகி ஓட்டினேன். முதல் அழைப்பிலேயே பிழை. டிரைவின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து பார்த்தால் என்டிஎஃப்எஸ் இல்லை, எக்ஸ்ஃபேட் என்ற வேறொரு ஃபைல் சிஸ்டம்.

"ஆல்பம் டிசைன் பண்ற பையன் மேக் வெச்சிருக்கான் தம்பி, ரெண்டுலயும் எழுதணும்ல" என்றார் அண்ணன். எக்ஸ்ஃபேட்டில் எம்எஃப்டியும் இல்லை, யுஎஸ்என் ஜர்னலும் இல்லை. நடந்து எண்ணுவது ஒன்றுதான் வழி. மூன்று வார உழைப்பு அங்கேயே படுத்துவிட்டது.

திரும்பி வரும்போதுதான், முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி தோன்றியது. எனக்கு எண்ணிக்கை எதற்கு? புராகிரஸ் பாருக்கு. என் நிரலின் நேரம் எங்கே போகிறது? படங்களைப் படித்து ஹேஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) போடுவதில். ஒரு ரா படம் (கேமரா பதிந்த மூலப் படம்) 25, 30 எம்பி இருக்கும். அதன் பக்கத்திலேயே கிடக்கும், எடிட்டிங் குறிப்புகள் உள்ள எக்ஸ்எம்பி கோப்பு சில கேபி. இரண்டையும் ஆளுக்கு ஒன்று என்று எண்ணி பாரை நகர்த்தினால் அது ஒரு நேரம் ஓடும், ஒரு நேரம் நொண்டும். எனக்குத் தேவைப்பட்டது பைட் கணக்கு. அதை கெட்டிஸ்க்ஃப்ரீஸ்பேஸ்ஈஎக்ஸ் ஒரே அழைப்பில், அட்மின் கேட்காமல், எந்த ஃபைல் சிஸ்டத்திலும் தருகிறது: மொத்தத்தில் காலியைக் கழித்தால் பயன்பட்ட இடம்.

எக்ஸ்ஃபேட்டில் இது அழகாகவே பொருந்துகிறது. அங்கே ஹார்ட் லிங்க் கிடையாது, சுருக்கப்பட்ட கோப்பு கிடையாது. கவனிக்க வேண்டியது கிளஸ்டர் அளவு, அதாவது கோப்புக்கு ஒதுக்கும் இடத்தின் மிகச் சிறிய துண்டு. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவை விண்டோஸ் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யும்போது கிளஸ்டரை வழக்கமாக 128 கேபி என்று வைக்கும். 10 கேபி தம்ப்நெயில் அடைத்துக்கொள்ளும் இடமும் 128 கேபிதான். ஒவ்வொரு கோப்பின் அளவையும் கிளஸ்டர் மடங்குக்கு உயர்த்திக் கூட்டினால் கணக்கு பயன்பட்ட இடத்தை நெருங்கி வந்து நிற்கும். என்டிஎஃப்எஸ் சி டிரைவில் இதே கணக்கு ஆடும்: ஹார்ட் லிங்க் கூட்டிக் காட்டும், ஷேடோ காப்பி (விண்டோஸ் ஒளித்து வைக்கும் பழைய பிரதிகள்) குறைத்துக் காட்டும். அங்கே பாரை 99-க்கு மேல் போகவிடாமல் பிடித்து வைப்பது தவிர வழியில்லை.

ஒரு டிரைவ் முழுவதையும் பார்க்காமல் ஏதோ ஒரு ஃபோல்டரை மட்டும் பார்க்கும் நிரல் என்றால் பயன்பட்ட இடமும் உதவாது. அதற்கு ஒரு தந்திரம் உண்டு. பாரின் முழு நீளத்தை முதல் மட்டத்தில் இருக்கும் ஃபோல்டர்களுக்குச் சம பங்காகப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொன்றும் தன் பங்கைத் தன் பிள்ளைகளுக்குப் பிரிக்கட்டும். எதையும் முன்கூட்டி எண்ண வேண்டாம். பார் சீராக நகராது, ஆனால் ஒருபோதும் பின்னால் போகாது. பாகப்பிரிவினையில் எல்லாருக்கும் சமம் என்பது நியாயமில்லைதான், ஆனாலும் வேலை நடந்துவிடும்.

உங்கள் தேவை வேறாக இருக்கலாம். உண்மையாகவே எண்ணிக்கை வேண்டும், பயனர் அதைப் பார்ப்பார் என்றால், ஈஎக்ஸ் வடிவத்தில் நடந்து எண்ணுங்கள், எண்ணும்போதே திரையில் எண் ஏறட்டும். ஏறும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கால் மணி நேரமும் பொறுப்பார், அசையாத திரையை அரை நிமிடம் பொறுக்க மாட்டார். அட்மினாகவே ஓடும், என்டிஎஃப்எஸ் மட்டும் தொடும் கருவி என்றால் யுஎஸ்என், ஆனால் பின்னால் நடந்து எண்ணும் வழியையும் வைத்திருங்கள், இல்லாவிட்டால் என் கதிதான். தினமும் எண்ண வேண்டிய நிரல் என்றால் முதல் நாள் முழுதாக எண்ணி, அப்புறம் ஜர்னலில் அன்றைய மாற்றங்களை மட்டும் படிக்கலாம். ஜர்னலுக்கு அளவு வரம்பு உண்டு, பழைய பதிவுகள் உதிர்ந்துவிடும், உதிர்ந்தது தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். விண்டோஸின் மேலாண்மைத் தகவல் சேவையான டபிள்யூஎம்ஐயின் சிஐஎம் டேட்டாஃபைலில் கேள்வி போட்டு எண்ணலாம் என்று யாராவது சொன்னால், கேட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். திரும்பி வந்தாலும் முடிந்திருக்காது.

என் நிரலில் இப்போது இரண்டு கட்டம். முதலில் நடந்து பட்டியல் எடுக்கிறது, பார் பயன்பட்ட இடத்தை வைத்து நகர்கிறது. ஒரே அளவுள்ள கோப்புகளைப் பொறுக்கிய பிறகு எத்தனை பைட் படிக்க வேண்டும் என்பது துல்லியமாகத் தெரிந்துவிடுவதால், இரண்டாம் கட்டத்தில் பார் சொல்வது உண்மை. போன வாரம் அண்ணன் மறுபடி போன் செய்தார். "பார் நல்லா ஓடுது தம்பி. ஆனா முதல் தடவை 99-ல நின்னுக்கிட்டு கொஞ்ச நேரம் யோசிக்குதே, அது ஏன்?"